‘லைன் சரியில்லை’ என்று சொல்வதற்கு முன்...

இணைய விளையாட்டில் எதிராளி நின்ற இடத்திலிருந்து திடீரென்று பத்தடி தாவினால், நம் வாயில் முதலில் வருவது “லைன் சரியில்லை” என்பதுதான். பல்கலைக்கழக விடுதியிலும் இதே பேச்சு, தோட்டத்து லயத்திலும் இதே பேச்சு. ஆனால் ஒரே லைனில், ஒரே கைப்பேசியில் ஒரு விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்று திக்கித் திணறுகிறது. அப்படியென்றால் குற்றம் முழுவதும் லைனுடையது அல்ல. விளையாட்டை எழுதியவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நானும் என் மூன்று நண்பர்களும் பாடப் பணிக்காக ஒரு சிறிய விளையாட்டை எழுதி வருகிறோம். செம்பனைக் காட்டுக்குள் ஓடிப் பிடிக்கும் ஆட்டம் அது. உலாவியைத் திறந்தால் போதும், பலர் சேர்ந்து ஆடலாம். நாங்கள் படிக்கும் நீலாய் இதற்குப் பொருத்தமான ஊர். ஒரு பக்கம் பல்கலைக்கழகங்கள், விடுதிகள், ஃபைபர் இணைப்பு. பத்தாங் பெனார், லாபு பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். அங்கே என் அத்தை வீட்டில் இணையம் என்றால் முன்கட்டணக் கைப்பேசிதான். இந்த இரண்டு இடத்திலும் ஆட்டம் சீராக ஓட வேண்டும் என்பது நாங்கள் முதல் நாளே போட்டுக்கொண்ட விதி. அதற்காகப் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் உலாவி?

ஒரு காலத்தில் உலாவியில் விளையாட்டு என்றாலே ‘ஃபிளாஷ்’ செருகுநிரல்தான். அதன் ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே மாற்று வழிகள் தயாராகிவிட்டன. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று உருவாக்கிய குரோம் உலாவி 2008இல் வெளிவந்தது. அதன் பிறகு உலாவிகளுக்கிடையே வேகப் போட்டி சூடுபிடித்தது. 2011 மார்ச்சில் முப்பரிமாணப் படங்களை உலாவியிலேயே வரையும் ‘வெப்ஜிஎல்’ வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில், உலாவியும் சேவையகமும் இடைவிடாமல் பேசிக்கொள்ள உதவும் ‘வெப்சாக்கெட்’ நெறிமுறை முறையாக வகுக்கப்பட்டது.

இவற்றின் பலனை உலகம் பார்த்தது 2015இல். பிரேசில் இளைஞர் மத்தேயுஸ் வலதாரிஸ் ‘அகார்.ஐஓ’வை வெளியிட்டார். மறு ஆண்டு அமெரிக்காவின் ஸ்டீவ் ஹவ்ஸ், புழுக்கள் ஊர்ந்து வளரும் ‘ஸ்லிதர்.ஐஓ’வை வெளியிட்டார். இரண்டும் பெரிய நிறுவனத்திடமிருந்து பிறந்தவை அல்ல. தனி ஆள் முயற்சிகள். பதிவிறக்கம் வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம், முகவரியைத் தட்டினால் போதும். கைப்பேசியில் இடம் இல்லாத மாணவனுக்கும் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவுக்குள் நுழைந்த பிறகு ஆட்டம் திக்கினால் அவன் ஒரு நிமிடத்தில் வெளியேறிவிடுவான்.

கோளாறு எங்கே?

‘லேக்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று கருவியின் நோய்: கைப்பேசியால் படத்தை உரிய நேரத்துக்குள் வரைந்து முடிக்க முடியவில்லை. மற்றொன்று இணைப்பின் நோய்: சேவையகத்திலிருந்து செய்தி தாமதமாகவோ ஒழுங்கில்லாமலோ வருகிறது.

பிரித்தறிவது எளிது. பின்னணிப் படம், பொத்தான்கள், உங்கள் பாத்திரம் என்று எல்லாமே சேர்ந்து திக்கினால் அது கருவியின் நோய். பின்னணி சீராக நகர்ந்துகொண்டிருக்க, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவித் தாவிப் போனால் அது இணைப்பின் நோய். முதல் நோய்க்கு வேகமான இணையத் திட்டம் வாங்கிப் பயனில்லை. இரண்டாவதற்குப் புதிய கைப்பேசி வாங்கியும் பயனில்லை.

16.7 மில்லி வினாடிக்குள்

பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 1000 மில்லி வினாடியை 60ஆல் வகுத்தால் 16.7. ஒரு பிரேமுக்குரிய எல்லா வேலையும் அதற்குள் முடிய வேண்டும். கணக்கிடுவது, வரைவது, உலாவி தனக்காகச் செய்யும் வேலை, எல்லாம் இதில் அடக்கம். ஒரு மில்லி வினாடி தாண்டினாலும் அந்தப் பிரேம் தவறிவிடும். பழைய படமே இன்னொரு முறை நிற்கும். கண் அதைத் திக்கலாக உணர்கிறது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் அவகாசம் 8.3 மில்லி வினாடிதான்.

இதனால்தான் எப்போது வரைவது என்பதை நாமே கடிகாரம் வைத்து முடிவு செய்யக்கூடாது. ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’ என்ற கட்டளை, திரை தயாராகும் சரியான தருணத்தில் நம்மைக் கூப்பிடும். ஆனால் பாத்திரத்தை ‘ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு பிக்சல்’ என்று நகர்த்தினால், 120 முறை புதுப்பிக்கும் விலை உயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவார். கடந்துபோன நேரத்தைக் கொண்டு நகர்வைக் கணக்கிட்டால்தான் எல்லாருக்கும் ஒரே வேகம்.

வரையும் வேலையைக் குறைக்கவும் வழிகள் உண்டு. திரைக்கு வெளியே இருப்பதை வரையவே வேண்டாம். ஒவ்வொரு பிரேமிலும் புதிய தரவுப் பொருள்களை உருவாக்கி வீசினால், ஜாவாஸ்கிரிப்ட் அவ்வப்போது ஆட்டத்தை நிறுத்திக் குப்பை கூட்டும். இருப்பதையே மறுபடி பயன்படுத்துவது நல்லது. இன்றைய கைப்பேசித் திரையின் அடர்த்தி எண் 3 என்றால், முழு அடர்த்தியில் வரைய 9 மடங்கு பிக்சல்கள் வேண்டும். பழைய கருவியில் அடர்த்தியைக் குறைத்தால் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஓட்டம் சீராகும். 60க்கும் 35க்கும் இடையே ஊசலாடுவதைவிட, நிலையாக 30 பிரேம் ஓடுவது கண்ணுக்கு இதமானது.

ஆலை ரேம்ப் சொல்லும் பாடம்

இனி இணைப்பின் நோய்க்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளைகள் செம்பனை எண்ணெய் ஆலையைப் பார்த்திருப்பீர்கள். பழக்குலை ஏற்றிய லாரிகள் ஒழுங்கான நேரத்தில் வருவதில்லை. ஒரு சமயம் மூன்று லாரி சேர்ந்து வரும், பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராது. ஆனாலும் ஆலை நிற்பதில்லை. வந்த குலைகளை முதலில் ரேம்பில் கொட்டிவைத்து, அங்கிருந்து சீரான அளவில் உள்ளே அனுப்புகிறார்கள்.

இணையச் செய்திகளும் அந்த லாரிகளைப் போலத்தான். சேவையகம் 50 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 20 முறை, ‘யார் எங்கே இருக்கிறார்’ என்று அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் வரும்போது அவை ஒரே இடைவெளியில் வருவதில்லை. செய்தி வந்த கணமே வரைந்தால், எதிராளி நிற்பான், தாவுவான், மறுபடி நிற்பான். ஆகவே செய்தி வந்தால் சேமித்துவைக்க மட்டும் வேண்டும். வரைவது திரையின் நேரப்படி நடக்க வேண்டும், அதுவும் சுமார் 100 மில்லி வினாடி பின்தங்கி. அப்போது அடுத்த செய்தி ஏற்கெனவே கையில் இருக்கும். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் உள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு வரையலாம். எதிராளி 100ஆம் புள்ளியிலிருந்து 110க்குப் போனால், திரையில் 103.3, 106.7, 110 என்று மூன்று பிரேம்களில் நகர்வான். கணக்கு கடினமில்லை. படிவம் நான்கு கூடுதல் கணிதத்தில், ஒரு கோட்டுத்துண்டைக் கொடுத்த விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறோமே, அதுதான் இது. வால்வ் நிறுவனத்தின் ‘சோர்ஸ்’ எஞ்சினிலும் வினாடிக்கு 20 செய்தி, 100 மில்லி வினாடி பின்தங்கல் என்பதே இயல்பான அமைப்பு.

அப்படியானால் ஒரு வினாடி பின்தங்கி வரைந்தால் இன்னும் சீராக இருக்குமே என்று கேட்கலாம். இதற்கும் ஆலையிலேயே பதில் இருக்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் பதப்படுத்த வேண்டும். ரேம்பிலேயே கிடந்தால் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். விளையாட்டிலும் அதிகம் தேக்கினால் நாம் பார்ப்பது பழைய செய்தியாகிவிடும். தேவையான அளவு மட்டும் தேக்க வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம். ஆட்டத்தின் நடுவில் வேறு தாவலுக்குப் போனால், உலாவி வரைவதை நிறுத்திவிடும். ஆனால் செய்திகள் குவிந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்ததும் அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டிக்காட்டாமல், கடைசி நிலைக்கு நேராகப் போய்விட வேண்டும்.

1996இல் நடந்த திருத்தம்

மற்றவர்களைப் பின்தங்கிக் காட்டலாம். நம் சொந்தப் பாத்திரத்தை அப்படிக் காட்ட முடியாது. பொத்தானை அழுத்தி, சேவையகம் போய்த் திரும்பும் வரை காத்திருந்தால் சேற்றில் நடப்பதுபோல இருக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் புகழ்பெற்ற விடை 1996இல் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் ‘குவேக்’ விளையாட்டு வெளியானது. அதன் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக், 200 மில்லி வினாடிக்கும் குறைவான தாமதத்தை மனத்தில் வைத்து அதை வடிவமைத்திருந்தார். ஆனால் உலகில் மிகப் பெரும்பாலோர் அப்போது தொலைபேசி மோடம் வழியாகத்தான் இணையத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தாமதம் 300 மில்லி வினாடிக்கும் மேல். தம் அடிப்படை அனுமானமே பொருந்தவில்லை என்று ஆகஸ்டில் அவர் வெளிப்படையாக எழுதினார். அதே டிசம்பரில் ‘குவேக்வேர்ல்டு’ வெளிவந்தது.

அதன் உத்தி இதுதான். பொத்தானை அழுத்தியதும் நம் கருவியே பாத்திரத்தை நகர்த்திக் காட்டிவிடும். கூடவே, வரிசை எண் இட்டு அந்தக் கட்டளையைச் சேவையகத்துக்கு அனுப்பும். சேவையகம், “41ஆம் கட்டளை வரை ஏற்றுக்கொண்டேன், நீ இருப்பது இந்த இடம்” என்று பதில் தரும். நம் கருவி அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, இன்னும் பதில் வராத 42, 43, 44ஆம் கட்டளைகளை அதன்மேல் மறுபடி போட்டுப் பார்க்கும். பெரும்பாலும் இரண்டும் பொருந்திவிடும். சிறு வித்தியாசம் இருந்தால் ஒரே தாவலில் திருத்தாமல் சில பிரேம்களில் மெல்லச் சரிசெய்யும். இறுதித் தீர்ப்பு சேவையகத்துடையது. அது தீர்ப்புச் சொல்லும் வரை திரை காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

நல்ல இணைப்பு இருப்பவரை மட்டும் நினைத்து எழுதினால் மிகப் பெரும்பாலோர் வெளியே நிற்பார்கள் என்பது அன்றே தெரிந்த உண்மை. மோடம் போய்விட்டது, அந்த உண்மை போகவில்லை.

தூரத்துக்குக் குறுக்குவழி இல்லை

எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத வேகம் ஒன்று உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லி வினாடிக்கு 200 கிலோமீட்டர். நீலாயிலிருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டருக்குள் இருப்பதால், போய்வர 3 மில்லி வினாடி போதும். 2002இல் போடப்பட்ட சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர்; போய்வர 32 மில்லி வினாடி. சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஜெர்மனியின் பிராங்பர்ட் என்றால் 100. இவை இயற்பியல் தரும் மிகக் குறைந்த அளவு. கேபிள்கள் வளைந்து போவதாலும் வழியில் கருவிகள் இருப்பதாலும் நடப்பில் இன்னும் கூடும்.

சேவையகத்தை எங்கே வைப்பது என்பதும் எழுதுபவரின் முடிவுதான். சிங்கப்பூரில் நீண்ட காலமாகவே பெரிய மேகக் கணிமை மையங்கள் உள்ளன. அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மையத்தைத் திறந்தது. சிங்கப்பூரில் ஒரு சேவையகம் வைத்தால் நீலாய் மாணவரும் சென்னை மாணவரும் ஒரே களத்தில் நியாயமாக ஆட முடியும்.

பைட்டுக்கும் காசு உண்டு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். களத்தில் 50 பேர். ஒவ்வொருவரின் எண்ணையும் இருப்பிடத்தையும் வினாடிக்கு 20 முறை அனுப்புகிறோம். ‘ஜேசான்’ என்ற எழுத்து வடிவில் ஒருவருக்குச் சுமார் 33 பைட் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 119 மெகாபைட். அதையே இரும வடிவில், மூன்று எண்களுக்கும் தலா 2 பைட் என்று 6 பைட்டில் அனுப்பினால் 22 மெகாபைட்டுக்கும் குறைவு. திரைக்கு அருகில் இருக்கும் 10 பேரை மட்டும் அனுப்பினால் 5 மெகாபைட்டைத் தொடாது. பொட்டலங்களின் உறைக்கான கூடுதல் பைட்டுகளை இதில் சேர்க்கவில்லை.

விடுதியில் வைஃபை வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மாதக் கடைசியில் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் நன்றாகத் தெரியும். சிறிய பொட்டலம் பலவீனமான சிக்னலிலும் வேகமாகக் கடந்துபோகும். வெப்சாக்கெட் ‘டிசிபி’ என்ற ஒழுங்கில் இயங்குகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும் வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும், ஒற்றைத் தடத் தோட்டச் சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றதுபோல. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் திடீர் உறைநிலை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய செய்தி தொலைந்தால் போகட்டும், புதியது வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ‘வெப்ஆர்டிசி’ தரவுத் தடத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

மரத்துக்குப் பின்னால் பிடிபட்டவன்

இவை எல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. லாபு பக்கம் இருக்கும் என் அத்தை மகன் படிவம் இரண்டு படிக்கிறான். அவனுடைய பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிதான் எங்கள் சோதனைக் கருவி. ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்தவன் கத்தினான்: “அண்ணா, நான் மரத்துக்குப் பின்னால போயிட்டேன். அப்புறமும் என்னைப் புடிச்சிட்டதா காட்டுது!”

அவன் சொன்னது உண்மை. துரத்தியவரின் திரையில் அவன் இன்னும் மரத்துக்கு முன்னால்தான் இருந்தான். ஏனென்றால் மற்றவர்களை எப்போதும் சற்றுப் பின்தங்கித்தான் பார்க்கிறோம். துரத்தியவர் குறிபார்த்துச் சரியாகத்தான் பிடித்தார். அதனால் சேவையகம் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டி, அவர் பார்த்த கணத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லியது. இந்த முறையை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கியிருக்கிறார். ஓடுபவருக்கு இப்படி அநியாயமாகத் தோன்றலாம் என்பதும் அந்த முறையோடு சேர்ந்தே வருவது.

எவ்வளவு தூரம் பின்னோக்கி ஓட்டலாம்? எங்கள் குழுவில் இதற்குத்தான் அதிக நேரம் வாதாடினோம். வரம்பை 50 மில்லி வினாடி என்று வைத்தால், தாமதம் அதிகமுள்ள தோட்டத்துப் பையன் யாரையுமே பிடிக்க முடியாது. ஆட்டம் விடுதி மாணவர்களுடையதாகிவிடும். வரம்பையே எடுத்துவிட்டால், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வெகு நேரம் ஆனவர்களும் பிடிபடுவார்கள். இப்போதைக்கு 200 என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல் தாமதம் உள்ளவருக்குத் திரையில் ஒரு சிறு மஞ்சள் அடையாளம் தெரியும். எதனால் தவறுகிறது என்பது அவருக்குப் புரிய வேண்டும் அல்லவா? நிரலில் அது வெறும் ஓர் எண். ஆனால் யாருடைய குறையை யார் தாங்கிக்கொள்வது என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஆர்வமுள்ள மாணவர்கள் இன்றே தொடங்கலாம். கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தினால் நிரலாளர் கருவிகள் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் உங்கள் கணினியின் வேகத்தை 4 மடங்கு, 6 மடங்கு குறைத்து ஆடிப் பாருங்கள். ‘நெட்வொர்க்’ பகுதியில் இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். எந்த விளையாட்டு தாங்குகிறது, எது உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வட்டம் திரையில் நகரும் சிறு நிரலை எழுதுங்கள். இரண்டு உலாவிச் சாளரங்களில் அதே வட்டம் சேர்ந்து நகரட்டும். செய்திகளை வேண்டுமென்றே 200 மில்லி வினாடி தாமதப்படுத்துங்கள். அந்த நிலையிலும் வட்டம் சீராக நகரும்படி செய்வதுதான் பயிற்சி.

எழுதி முடித்ததும் உங்களிடம் உள்ள நல்ல மடிக்கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டிலேயே ஆகப் பழைய கைப்பேசியை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் ஒரு கோடு மட்டும் தெரியும் இடத்துக்குப் போய் ஆடுங்கள். அங்கே ஓடினால் எங்கேயும் ஓடும்.